முகமற்ற பத்திராசிரியர்

படைப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே எக்காலத்திலும் ஒருவர் நின்றே வந்துள்ளார். புலவருக்கும் உலகுக்கும் இடையே புரவலர் நின்றார். அச்சுப்பொறி வந்த பின்னர்ப் பத்திராசிரியர் நின்றார். வானொலி வந்தபோது நிலைய அதிகாரி நின்றார். எது மக்களைச் சென்றடைய வேண்டும், எது கூடாது என்பதை அவர்களே முடிவு செய்தனர். அம்முடிவுகள் யாவும் நேர்மையானவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் முடிவு செய்தவருக்கு ஒரு பெயர் இருந்தது, முகவரி இருந்தது. ஏன் மறுத்தீர் என்று அவரிடம் கேட்க முடிந்தது.

1905ஆம் ஆண்டில் வங்கத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை, நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழில்தான் அச்சேறியது. ஆடவர் வீட்டினுள் அடைந்திருக்க, பெண்டிர் அறிவியலின் துணைகொண்டு நாடாளும் கற்பனை உலகொன்றை அக்கதை காட்டியது. அதனை ஏற்று வெளியிட்டவர் அவ்விதழின் ஆசிரியர் கமலா சத்தியநாதன் அம்மையார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1938இல், நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்னும் நாவலைத் தமிழுக்குத் தந்தார். இவர்கள் இருவருக்கும் கதவுகள் எளிதில் திறந்துவிடவில்லை. கதவருகே வரவும் இயலாமற்போன பெண்கள் எத்தனையோ ஆயிரவர். எனினும், அந்தக் கதவைக் காத்து நின்றவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்று நம் மாணவச் செல்வங்களின் கைகளில் உள்ள கைப்பேசி இன்னொரு கதவைத் திறந்துள்ளது. ரீல்ஸ், ஷார்ட்ஸ் என வழங்கும் குறுங்காணொளிகளை வெளியிட எவருடைய பரிந்துரைக் கடிதமும் வேண்டுவதில்லை. சிற்றூரில் அடுப்படியை விட்டு அகலாத பெண்ணொருத்தி தான் சமைத்த கறியை, தான் தைத்த சட்டையை, தன் குரலை, தன் கருத்தை இலட்சக்கணக்கானோர்முன் வைக்க முடிகிறது. இது சிறிய மாற்றமன்று. இதனைப் பெண்ணியம் வரவேற்கவே செய்யும், நாமும் வரவேற்கிறோம். ஆனால் இக்கதவுக்குக் காவலரே இல்லை என்று எண்ணுவது பேதைமை. காவலர் இருக்கிறார். அவருக்கு முகமில்லை என்பதுதான் வேறுபாடு. அந்த முகமற்ற பத்திராசிரியர், பெண்களின் படைப்பை எவ்வாறு வளைக்கிறார் என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழைவது.

தேர்வு நடக்கும் முறை

குறுங்காணொளிச் செயலியைத் திறந்தவுடன், நாம் கேளாமலேயே காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவற்றைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் கணினிக் கட்டளைத் தொகுதியைப் பரிந்துரை அல்காரிதம் என்பர். பார்ப்பவர் எந்தக் காட்சியில் எத்தனை நொடி நின்றார், எதை முழுதும் பார்த்தார், எதை விரலால் தள்ளினார், எதற்கு விருப்பக் குறியிட்டார், எதன் கீழ்க் கருத்து எழுதினார், எதைப் பிறருக்கு அனுப்பினார் என்பவற்றையெல்லாம் அது குறித்துக்கொள்கிறது. அக்கணக்கைக் கொண்டு, அடுத்து எதைக் காட்டினால் அவர் எழுந்து போகாமல் இருப்பார் என்று மதிப்பிடுகிறது.

2021 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ், டிக்டாக் நிறுவனத்தின் உள் ஆவணமொன்றைப் பற்றி எழுதியது. பயனாளர் மீண்டும் மீண்டும் வருதல், வந்தவர் நெடுநேரம் தங்குதல் ஆகிய இரண்டுமே அந்த அல்காரிதத்தின் முதன்மை இலக்குகள் என்று அந்த ஆவணம் கூறியது. அழகு, உண்மை, பயன் என்பவை அவ்வளவுகோலில் நேராக இடம்பெறவில்லை. நேரம் மட்டுமே இடம்பெற்றது. ஏனெனில் நேரமே விளம்பரமாகவும், விளம்பரமே வருவாயாகவும் மாறுகிறது.

ஒரு மாணவி சீறாப்புராணச் செய்யுளொன்றுக்குப் பொருள் சொல்லிக் காணொளி வெளியிடுகிறாள் என்று கொள்வோம். அவளே மறுநாள் பலரும் ஆடும் பாட்டொன்றுக்கு உதடசைத்து வெளியிடுகிறாள். முதலாவதை இருநூறு பேர் பார்க்கின்றனர். இரண்டாவதை இருபதாயிரம் பேர் பார்க்கின்றனர். எவரும் அவளிடம் 'உமறுப் புலவர் வேண்டா' என்று சொல்லவில்லை, ஆணையும் இடவில்லை. ஆயினும் மூன்றாம் நாள் அவள் எதைப் படைப்பாள் என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அவள் ஆடியது குற்றமென்று நாம் கூறவில்லை. அவள் விரும்பி ஆடுகிறாளா, எண்ணிக்கை அவளை அங்கே கொண்டு நிறுத்தியதா என்பதை அவளே பிரித்தறிய முடியாமற்போவதுதான் நம் கவலை.

அளவுகோலில் ஒளிந்திருக்கும் பார்வை

'எந்திரம் என்ன செய்யும்? மக்கள் விரும்புவதை அது திருப்பித் தருகிறது. அது வெறும் கண்ணாடி' என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் வலிமையுடையதாகத் தோன்றினும் ஆராய்ந்தால் நிற்பதில்லை. தெருவில் விபத்து நேர்ந்தால் எல்லாரும் நின்று பார்க்கிறோம். அதனால் நாம் விபத்தை விரும்புகிறோம் என்றாகாது. கண் நின்ற நொடியும் மனம் விரும்பிய தேர்வும் வேறு வேறானவை. முன்னதை அளந்துவிட்டுப் பின்னதன் பெயரை அதற்குச் சூட்டுவது பிழை.

மேலும், நிற்கின்ற அந்தக் கண் யாருடையது என்பதும் கேட்கத்தக்கது. 1975இல் லாரா மல்வி என்னும் ஆங்கிலேயப் பேரறிஞர் திரைப்படத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், திரைப்படம் பெரும்பாலும் ஆடவனின் கண்ணிடத்தில் நின்றே பெண்ணைப் பார்க்கிறது என்று நிறுவினார். பெண் அங்குச் செயல்படுபவளாக இன்றிப் பார்க்கப்படுபவளாகவே அமைகிறாள் என்றார். அன்று அப்பார்வை இயக்குநரின் கண்ணில் இருந்தது. இன்று அது கோடிக்கணக்கான விரல்களின் அசைவுகளிலிருந்து திரட்டப்பட்டுக் கணக்காகிவிட்டது. கணக்கு என்று பெயர் பெற்றவுடன் அதற்கு நடுநிலை என்னும் மதிப்பும் வந்துவிடுகிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த 'அல்காரிதம் வாட்ச்' என்னும் அமைப்பு இன்ஸ்டாகிராம் நிழற்படங்களை ஆராய்ந்து 2020 ஜூனில் முடிவுகளை வெளியிட்டது. உள்ளாடையோ நீச்சல் உடையோ அணிந்த பெண்களின் படங்கள், தன்னார்வலர்களின் பக்கத்தில் தோன்றும் வாய்ப்பு 54 விழுக்காடு மிகுந்திருந்தது. வெற்று மார்புடன் நின்ற ஆடவர் படங்களுக்கு அது 28 விழுக்காடாக இருந்தது. உணவு, இயற்கைக் காட்சி ஆகியவற்றின் படங்கள் பின்தள்ளப்பட்டன. நிறுவனம் இவ்வாய்வின் முறையைக் குறைகூறி மறுத்தது. ஆய்வு நிழற்படங்களைப் பற்றியதே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் சமையற்கலைஞரும் நூலாசிரியரும் தம் படைப்பைக் காட்டுவதற்கு முன்னால் தம் உடலைக் காட்ட நேர்கிறதா என்னும் வினாவை அது எழுப்பியது. அவ்வினா இன்றும் விடை பெறவில்லை.

எந்திரத்தின் பின்னே மனிதக் கை இல்லை என்று எண்ணுவதும் தவறு. 2020 மார்ச்சில் 'தி இன்டர்செப்ட்' இதழ் வெளியிட்ட டிக்டாக் ஆவணங்கள், பரிந்துரைப் பக்கத்திலிருந்து எவற்றை விலக்க வேண்டும் என்று மேற்பார்வையாளருக்குச் சொல்லியிருந்தன. அழகற்ற முகம், பருத்த உடல், மிகுந்த சுருக்கங்கள், உடற்குறைகள், வறுமை தோன்றும் வீட்டுச் சூழல் என அப்பட்டியல் நீண்டது. அவ்விதிகளிற் பெரும்பாலானவை வழக்கில் இல்லை என்றும், சில நடைமுறைக்கே வரவில்லை போலும் என்றும் நிறுவனம் விளக்கியது. 2023 ஜனவரியில் 'ஃபோர்ப்ஸ்' இதழ் மற்றொன்றை வெளிப்படுத்தியது. ஊழியர்கள் தாமே தேர்ந்த காணொளிகளைப் பெருங்கூட்டத்துக்குத் தள்ளிவிடும் வழக்கம் டிக்டாக்கில் இருந்தது. நாள்தோறும் நிகழும் மொத்தப் பார்வைகளில் 1 முதல் 2 விழுக்காடு அவ்வாறு தள்ளப்பட்டவை என்று ஆவணம் கூறியது. ஆக, முகமற்ற பத்திராசிரியர் என்று நாம் குறிப்பிடுபவர் உண்மையில் முகத்தை மறைத்துக்கொண்ட பத்திராசிரியரே ஆவார்.

கணக்கில் வாராத உழைப்பு

பெண்ணியம் நமக்குக் கற்பித்த முதற்பாடம், காணப்படாத உழைப்பைக் காணுதல். வீட்டுவேலை உழைப்பாகக் கருதப்படாத காலத்தில் அதனை உழைப்பு என்று பெயரிட்டது பெண்ணியமே. விமானப் பணிப்பெண்கள் முகத்தில் புன்னகையைக் காத்து நிற்பதும் உழைப்பே என்று ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் ஒரு நூலின் வழி விளக்கினார். குறுங்காணொளியில் நாள்தோறும் மலர்ந்த முகத்தோடு தோன்றும் பெண்ணின் புன்னகையையும் அவ்வரிசையில் வைத்தே நாம் பார்க்க வேண்டும்.

புரூக் எரின் டஃபி என்னும் அமெரிக்கப் பேராசிரியர், இணையத்தில் ஒப்பனை, ஆடை பற்றி எழுதியும் படைத்தும் வந்த பெண்களை ஆராய்ந்து 2017இல் நூலொன்றை வெளியிட்டார். என்றேனும் ஒருநாள் இது வாழ்வளிக்கும் என்ற நம்பிக்கையில் ஊதியமின்றிச் செய்யும் உழைப்பு என்று அதனை அவர் இனங்கண்டார். அந்த நாளைக் கண்டவர் மிகச் சிலரே. யூடியூப் நிறுவனம் 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸ் விளம்பர வருவாயைப் பங்கிட்டுத் தரத் தொடங்கியது. படைப்பாளருக்கென ஒதுக்கப்படும் தொகையில் அவருக்கு 45 விழுக்காடு. அத்தகுதியைப் பெற 1,000 சந்தாதாரரும், 90 நாட்களுக்குள் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வைகளும் வேண்டும் என்று அப்போது வரையறுத்தது. ஒரு கோடிக்குக் குறைந்த இடத்தில் நின்றுவிட்டவரின் உழைப்பும் அந்நிறுவனத்தின் திரையை நிரப்பியே உள்ளது. அவருக்கு அதிலிருந்து வந்தது ஒன்றுமில்லை.

சில நாட்கள் வெளியிடாதிருந்தால் அல்காரிதம் தம்மை மறந்துவிடும் என்று படைப்பாளர் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் மெய்யோ பொய்யோ, ஓய்வின்றி உழைக்க வைக்க அதுவே போதுமானது. நம் நாட்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, பணிபுரியும் பெண்ணுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். காணொளி படைக்கும் பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு வந்தால் யாரிடம் விடுப்புக் கேட்பாள்? அவளை வேலைக்கு அமர்த்தியதாக ஒப்புக்கொள்பவரே இல்லை. ஆனால் அவள் எப்போது எழ வேண்டும், எத்தனை நொடி பேச வேண்டும், முதல் மூன்று நொடிக்குள் எதைச் சொல்லிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் வேறெங்கோ முடிவாகின்றன.

இத்தகைய சூழலிலும் பெண்கள் வாளாவிருக்கவில்லை. எது மேலே செல்கிறது, எது அமுங்குகிறது என்பதைத் தமக்குள் பேசிப் பகிர்ந்துகொள்கின்றனர். இதனைச் சோஃபி பிஷப் என்னும் ஆய்வாளர் 2019இல் ஆராய்ந்து 'அல்காரித வம்பளப்பு' என்று பெயரிட்டார். பெண்கள் கூடிப் பேசினால் வம்பு என்று இகழ்வது உலக வழக்கு. அந்தப் பேச்சிலேயே அறிவும் தற்காப்பும் உள்ளன என்று காட்டவே அவர் அச்சொல்லைத் தெரிந்தெடுத்தார்.

ஒரு நடனத்தின் வரலாறு

இவை யாவும் ஒரு சிறுமியின் வாழ்வில் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடல் தகும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துப் புறநகர்ப் பகுதியில் வாழ்ந்த ஜலையா ஹார்மன் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமி, 2019 செப்டம்பரில் 'ரெனிகேட்' என்னும் நடனத்தை அமைத்தாள். அது டிக்டாக்கில் பரவி உலகெங்கும் ஆடப்பட்டது. வெள்ளையின இளம்பெண்கள் சிலர் அதனை ஆடி மாபெரும் புகழ் பெற்றனர். அமைத்தவளின் பெயர் எங்கும் இல்லை. 2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' அவளைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவளை அறிந்தது. அம்மாதமே தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் விழாவில் அவளே அந்நடனத்தை ஆடினாள்.

எது நெடுநேரம் பார்க்கப்படும் என்பதைத்தான் அல்காரிதம் கேட்டது. யார் படைத்தது என்று அது கேட்கவில்லை. அதற்கு அந்த வினா கற்பிக்கப்படவில்லை. ஏற்கெனவே பலர் பின்தொடரும் முகத்துக்கு மேலும் பலரைச் சேர்த்தது. பெண்ணாகவும் கறுப்பினத்தவளாகவும் இருந்த ஒருத்தியின் உழைப்பு, பெண்ணாக மட்டும் இருந்தவர்களின் புகழானது. பெண்கள் அனைவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதைப் பெண்ணியம் கற்றுக்கொண்ட கடினமான பாடம் இது. 2021 ஜூனில் கறுப்பின நடனப் படைப்பாளர் பலர், புதிதாக வந்த பாடலொன்றுக்கு நடனம் அமைக்க மாட்டோம் என்று கூடி மறுத்தனர். அமைப்பவர் கை நிறுத்தியபோதுதான் அங்கே உழைப்பு இருந்தது என்பதே பலருக்குப் புலப்பட்டது.

தடையால் தீருமா?

நம் தமிழகத்தில் இச்சிக்கல் வேறுவகையில் பேசப்பட்டது. 2019 ஏப்ரல் 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைப் பதிவிறக்குவதைத் தடுக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆபாசமும் சிறாருக்கு நேரும் கேடும் அன்று காரணங்களாகச் சொல்லப்பட்டன. அம்மாதம் 24ஆம் நாள் அத்தடை நீக்கப்பட்டது. 2020 ஜூன் 29ஆம் நாள் நடுவண் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் அன்று காரணங்களாயின. மறுமாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வெள்ளோட்டமாக இங்கேயே தொடங்கியது. செயலியின் பெயர் மாறியது, அளவுகோல் மாறவில்லை. அளவுகோலைப் பற்றி எவரும் வழக்காடவும் இல்லை.

நம் சமுதாயத்திலும் இதுவே நிகழ்கிறது. காணொளியில் தோன்றிய பெண்ணைப் பெரியோர் கண்டிக்கின்றனர். இளையோர் அவளது உரிமை என்கின்றனர். இரு சாராரும் அவளையே பேசுகின்றனர். அவளை அந்த வடிவில் நம்முன் கொணர்ந்து நிறுத்தியவரையும், அதனால் பொருளீட்டியவரையும் எவரும் பேசுவதில்லை. பார்வையைத் தாழ்த்துமாறு இறைமறை பணித்தபோது அக்கட்டளையை முதலில் ஆடவருக்கே விடுத்தது என்பதைச் சமுதாயப் பெரியோர் அறிவர். பார்ப்பவரின் பொறுப்பைப் பார்க்கப்படுபவரின் தலையில் ஏற்றுவது அம்முறைக்கும் ஒவ்வாதது.

இன்னும் ஒன்று. ஒரு பெண்ணின் காணொளியைக் கண்டிக்கும் பொருட்டே முழுதும் பார்க்கிறோம்; அதன்கீழ் ஏசி எழுதுகிறோம்; 'பாருங்கள் இக்கொடுமையை' என்று உறவினர் குழுக்களுக்கெல்லாம் அனுப்புகிறோம். நின்ற நொடிகளும் எழுதிய சொற்களும் அனுப்பிய எண்ணிக்கையுமே பெரும்பாலும் கணக்கில் ஏறுகின்றன. நாம் சினந்து பார்த்தோமா, சுவைத்துப் பார்த்தோமா என்று கணக்கு பிரித்துப் பார்ப்பது அரிது. நம் கண்டனமே அக்காணொளியை மேலே தூக்குகிறது. அவளைப் போல் இன்னும் பத்துப் பெண்களை அவ்வழியில் செலுத்துகிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டும். ஒரு படைப்பு அமுக்கப்பட்டால் அதற்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் மிகப்பெரும் தளங்களுக்கு 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பயனாளரின் பழக்கங்களைத் துருவி அறியாத பரிந்துரை முறையொன்றையேனும் அவருக்குத் தெரிவாக வழங்க வேண்டும் என்று அது பெரும் தளங்களைப் பணிக்கிறது. பரிந்துரையில் பயன்படும் முதன்மை அளவுகளை வெளிப்படச் சொல்லவும் வேண்டுகிறது. அங்கு இயன்றது இங்கு இயலாததன்று. மகப்பேற்று விடுப்பைக் கேட்டுப் பெற்ற மாதர் இயக்கங்கள் இதனையும் கேட்கலாம். சட்டம் பயிலும் நம் மாணவியர் எழுதலாம்.

இரண்டாவதாக, எண்ணிக்கையை மதிப்பாகக் கொள்ளும் வழக்கத்தை நம் கல்லூரி வளாகத்தில் ஒழிக்கலாம். இருநூறு பேர் பார்த்த சீறாப்புராண விளக்கத்தை வகுப்பில் போட்டுக் காட்டி, அதனை ஒரு படைப்பாக மதித்துத் திறனாய்வு செய்யலாம். படைத்த மாணவிக்கு அந்த ஒரு மணி நேரம், முகந்தெரியாத இருபதாயிரம் பார்வைகளினும் பயன் தரும் என்று நாம் நம்புகிறோம். பிறர் அமைத்த நடனத்தையோ சொன்ன கருத்தையோ எடுத்தாளும்போது அமைத்தவர் பெயரைச் சொல்லும் நேர்மையையும் அங்கேயே பழக்கலாம்.

மூன்றாவதாக, தமிழ்த்துறை தனக்கே உரிய ஒரு கருவியை மாணவர்க்குத் தரலாம். ஓர் இலக்கியத்தைக் கையில் எடுத்தால் நாம் சில வினாக்களைக் கேட்கப் பழகியுள்ளோம். இதனைப் பதிப்பித்தவர் யார்? எந்தச் சுவடியை ஏற்றார்? எந்தப் பாடத்தை விலக்கினார்? ஏன்? இதே வினாக்களைக் கைப்பேசித் திரையை நோக்கியும் கேட்கலாம். இக்காட்சியை என்முன் வைத்தவர் யார்? எவ்வளவைக் கொண்டு தேர்ந்தார்? எவளுடைய படைப்பு விலக்கப்பட்டது? ஆதாயம் யாருக்கு? பாடபேதம் தேடிப் பழகிய கண்ணுக்கு இது அரிய செயலன்று. வரும் கல்வியாண்டிலேயே இதனைத் திறனாய்வு வகுப்பின் ஒரு பயிற்சியாகத் தொடங்கலாம் என்பது நம் பரிந்துரை.